தன்னைத் தவிர

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, அச்சகத்தின் மூன்றாம் மாடியில், ‘ஆயிரம் பெரிய எண்கள்’ என்னும் நூலின் 611-ஆம் பக்க மெய்ப்பில் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது.

மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அது முதலில் வெறும் பிழையாகத்தான் பட்டது. பதினெட்டு வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதாம்: விட்டுப்போன புள்ளி, இரண்டு முறை வந்த சொல், இடம் மாறி உட்கார்ந்த னகர ணகரம். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள்.

அந்தப் பக்கத்துக்குரிய எண் 22,84,627. ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி அதன் குணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. ஒற்றைப்படை. பகு எண். 1427-ஐ 1601-ஆல் பெருக்கினால் வருவது. அந்த இரண்டும் பகா எண்கள், அதற்குமேல் உடையாதவை. ஆகவே மொத்தக் காரணிகள் நான்கு: 1, 1427, 1601, அப்புறம் அந்த எண்ணே. இலக்கங்களைக் கூட்டினால் 31, அதுவும் பகா எண். தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் வெறும் 3029 வருவதால் இது குறை எண். கூட்டுத்தொகை சரியாக அதே எண்ணாக வந்திருந்தால் நிறை எண். மிஞ்சியிருந்தால் மிகை எண்.

எல்லாவற்றையும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள்.

இறங்கு வரிசை: 22,84,627 – 3029 – 247 – 33 –

அதற்குப் பிறகு ஒரு சிறு கோடு. அப்புறம் வெள்ளைத் தாள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது: ‘ஓர் எண்ணின் காரணிகளில், தன்னைத் தவிர மற்றவற்றைக் கூட்டினால் கிடைப்பது வரிசையின் அடுத்த எண். வரிசை பூச்சியத்தை அடையும்போது முடியும்.’

33-ஐப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் குடியிருந்த கட்டடத்தில் பத்து வீடுகள், முப்பத்து மூன்று பேர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்றாம் தேதி நடக்கப்போகும் தீயணைப்பு ஒத்திகைக்காக ஆள் பட்டியல் எழுதும் வேலையை அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். தப்பே விடாதவள் என்று கொடுத்த வேலை. ஆனால் போன வாரம் அவள் எழுதிக் கொடுத்த பட்டியலில் முப்பத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். காவலாளி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிவிட்டு, வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

“எல்லாரையும் எழுதிட்டு உங்கள விட்டுட்டீங்களே மேடம். நெருப்பு புடிச்சா நீங்க மட்டும் உள்ளயே இருந்துக்குவீங்களா?”

33. எங்கள் கட்டடம், என்று எண்ணிக்கொண்டாள். எண்ணியதும் கை தானாகக் கணக்குப் போட்டது. முப்பத்து மூன்றின் காரணிகள் 1, 3, 11, அப்புறம் 33. தன்னைத் தவிர மற்றவை: ஒன்றும் மூன்றும் பதினொன்றும், பதினைந்து. கோட்டுக்கு அப்பால் பென்சிலால் 15 என்று எழுதினாள். அதற்குள் வேறு பக்கத்தைப் பற்றிக் கேட்டு யாரோ கூப்பிட, பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டில் என்னவோ சரியில்லை. என்னவென்று சட்டெனச் சொல்லத் தெரியவில்லை. வழக்கமாக ஆறரை மணிக்கு அந்தப் படிக்கட்டில் ஏறினால், முதல் மாடியில் எண்ணெய் காயும் வாசனையும், இரண்டாம் மாடியில் செய்தி வாசிப்பவரின் குரலும், நான்காம் மாடியிலிருந்து ஒரு குழந்தை மூன்று சக்கர சைக்கிளை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓட்டும் கரகரப்பும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கி வரும். அவள் அவற்றை ஒருநாளும் கவனித்ததில்லை, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தை யாரும் கவனிக்காத மாதிரி. இன்று ஏறும்போது அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் அவளுக்கு முன்னால் ஏறிப் போய், மேலே எங்கோ முட்டித் திரும்பி வந்தது.

முதல் மாடியில் வாத்தியார் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் தூசி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் தூசி இல்லை. வருஷக்கணக்கில் படிந்து, ஈரம் பட்டுக் கெட்டியாகிப்போன தூசி.

கீழே இறங்கிக் காவலாளியிடம் கேட்டாள். “முதல் மாடிக்காரங்க எங்க போனாங்க?”

“எந்த முதல் மாடி?”

“வாத்தியார் வீடு. நாலு பேர்.”

“அது நான் வந்ததுலேர்ந்து பூட்டியேதான் கெடக்கு மேடம்.” அவர் அவளை உற்றுப் பார்த்தார். “நம்ம பில்டிங்ல மொத்தமே பதினஞ்சு பேர். பட்டியல நீங்கதான குடுத்தீங்க?”

வீட்டில் அலமாரியைத் திறந்து பட்டியலின் நகலை எடுத்தாள். பதினைந்து பெயர்கள். அவளுடைய கையெழுத்து. கடைசி வரியில் அவள் பெயர், அவசரமாகச் சேர்த்த மாதிரி, கொஞ்சம் சாய்ந்து.

வீட்டில் நான்கு பேர். அவள், லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த கணவன், பத்தாவது படிக்கும் மகள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார். சாப்பிடும்போது அவள் மெல்லக் கேட்டாள். “என்னங்க, மாடியில சைக்கிள் ஓட்டுமே ஒரு குழந்தை?”

“நம்ம மாடியில ஏது குழந்தை?” என்றார் அவர். “நீ எதையாவது படிச்சுட்டு வந்து உளறாத.”

“அண்ணிக்கு நாளெல்லாம் எழுத்தப் பாத்துப் பாத்து எழுத்தே ஆளா தெரியுது,” என்றாள் நாத்தனார். மகள் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

புதன்கிழமை இரண்டாம் மெய்ப்பு வந்தது. கடைசி வரி 33 – 15 – 9 என்று போயிருந்தது.

பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கங்களைக் கணினியில் அமைக்கும் லேஅவுட்காரரிடம் போனாள். அவர் ஐம்பது தாண்டிய மனிதர்; கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

“நான் பதினஞ்சுதான எழுதினேன். ஒம்போது யார் போட்டது?”

“அக்கா எழுதாத எதையும் நான் போடுவேனா? எனக்கு வேல போயிடும்.” நேற்றைய தாளை உருவிக் காட்டினார். பென்சிலில் 15. அதை அடுத்து 9. ஒன்பதின் வாலை இடப்பக்கம் வளைப்பது அவள் வழக்கம். வளைந்திருந்தது.

பதினைந்தின் காரணிகள், தன்னைத் தவிர: 1, 3, 5. கூட்டினால் ஒன்பது. கணக்குச் சரி. ஆனாலும் ரப்பரை எடுத்து 9-ஐ அழித்தாள், தாள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவும்வரை. மெய்ப்பில் சிவப்பு மையால் நீக்கல் குறி போட்டாள்.

அன்று சாயங்காலம் கட்டடத்தில் மூன்று ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரிந்தது. தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். விளக்கு இல்லாத ஜன்னல்கள் இருட்டாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அவற்றின் கண்ணாடிகளில் பழைய செய்தித்தாள் உள்பக்கமாக ஒட்டப்பட்டு, மஞ்சளாகி, ஓரங்களில் சுருண்டிருந்தது. இன்று காலை அதே ஜன்னல் ஒன்றில் ஒரு பெண் துண்டு உதறியதை அவள் பார்த்திருந்தாள். துண்டின் நிறம்கூட நினைவிருந்தது. பச்சை.

பட்டியலில் ஒன்பது பெயர்கள்.

வியாழக்கிழமை மெய்ப்பில் 4 இருந்தது.

இந்த முறை அவள் சண்டை போடவில்லை. மூலப்பிரதியைக் கேட்டு வாங்கினாள். நூலைத் தொகுத்தவர் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். கையாலேயே எழுதி அனுப்பியிருந்தார். 22,84,627-க்கான தாளில் கடைசி வரி 33-இல் முடிந்திருந்தது. ஓரத்தில், நடுங்கிய எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு: ‘33-க்கு மேல் எண்ண வேண்டாம்.’

“இத ஏன் சேக்கல?”

“அவரு அவருக்கே எழுதிக்கிட்ட குறிப்புன்னு விட்டுட்டேன்கா,” என்றார் லேஅவுட்காரர். “எண்ண வேண்டாம்னு எண் புத்தகத்துல போட்டா சிரிக்க மாட்டாங்களா?”

“இந்தப் பக்கத்தையே எடுத்துடலாம்.”

“அட்டையில ஆயிரம்னு அடிச்சாச்சு. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது பெரிய எண்கள்னு யாரு வாங்குவா?”

அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு பேராசிரியருக்குப் போன் போட்டாள். 611-ஆம் பக்கத்தின் கடைசி வரியைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் ஒரு கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

“நீங்க மேல எண்ணிட்டீங்களா?” என்றார் கடைசியில்.

“பதினஞ்சுன்னு மட்டும்தான் எழுதினேன் சார்.”

“எழுதுறதால ஒண்ணும் இல்லம்மா. எண்ணும்போது மனசுல யாரையாவது நெனச்சீங்களா?”

“எங்க கட்டடத்த நெனச்சேன்.”

“எங்க காலனியில இருநூத்து நாப்பத்தேழு பேர். 247-ன்னு வந்தப்ப, அட நம்ம காலனின்னு நெனச்சேன். அவ்வளவுதான். மறுநாள் முப்பத்து மூணு பேர் இருந்தாங்க. அதுல என் சம்சாரம் இருந்தா. அங்கயே நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் நான் எதையும் எண்ணல. படிக்கட்டக்கூட எண்ணாம ஏறுறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இப்ப எதுல நிக்குது?”

“நாலுல.”

“வீட்ல எத்தன பேர்?”

“நாலு.”

“உங்களச் சேத்தா, சேக்காமலா?”

“சேத்து.”

“அது சேக்காது,” என்றார். “அடுத்தது எப்பவும் தன்னைத் தவிரத்தான் வரும்.” அதன்பிறகு கடிகாரச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மறுபடி போட்டபோது, நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது.

நான்கின் காரணிகள்: 1, 2, 4. நான்கைத் தவிர்த்தால் மூன்று. மூன்றின் காரணிகள்: 1, 3. மூன்றைத் தவிர்த்தால் ஒன்று. வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க மனம் படியிறங்கிக்கொண்டே போனது. நான்கு. மூன்று. ஒன்று. மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இரண்டு இல்லை. அங்கே இருவர் ஒன்றாகப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கணவனைப் போகாதே என்றாள். வேறொரு கட்டடத்து லிப்டில், ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் ஆறு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நாத்தனாருக்கு மாலை வேலை. பகலில் வீட்டில் இருந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு, தன் அறையில் கதவை ஒருக்களித்து வைத்து, முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை. வெயில் ஜன்னல் வழியாக வந்து கூடத்துத் தரையில் சதுரமாகக் கிடந்தது. சோப்பு வாசனை. சீப்பு இறங்கும் சரசரப்பு. இதில் என்ன நடந்துவிட முடியும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவிடுக்கில் தெரிந்த ஈர முடியின் நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து ஒரு ஆளு வந்தான் அண்ணி. தூக்கம் வர மாத்திர குடுங்கன்னான். சீட்டு எங்கன்னேன். சீட்ட வீட்லயே மறந்துட்டேன், மறதிக்கும் ஒரு மாத்திர குடுங்கன்னான்.”

“அப்புறம்?”

“நானும் சும்மா இருப்பேனா? மறதிக்கு மாத்திர குடுத்தா அத சாப்பிடவும் மறந்துடுவீங்களே, அப்புறம் என்ன வந்து கேட்டா நானு”

சீப்பு சரசரக்கவில்லை.

“கேட்டா? என்ன சொன்ன?”

வெயில் சதுரம் தரையில் அப்படியே இருந்தது. கதவிடுக்கில் முடியின் நுனி இல்லை. அவள் எழுந்தாள். நான்கு அடி. கதவைத் தள்ளினாள்.

அறையில் கட்டில் இல்லை. அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பழைய மின்விசிறி ஒன்று. உருட்டிக் கட்டிய பாய். தூசி வாசனை, சோப்பு வாசனை இல்லை. தரையில் ஒரே ஒரு சொட்டு ஈரம், விரல்நக அளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்தது.

“யார்கிட்டம்மா பேசுற?” மகள் பின்னால் வந்து நின்றாள்.

“அத்தை.”

“எந்த அத்தை?”

இரவு கணவரும் அதையே சொன்னார். தனக்குத் தங்கை கிடையாது என்று. முதலில் சிரித்துக்கொண்டே. அப்புறம் சிரிக்காமல். டாக்டரைப் பார்க்கலாம் என்றார்.

அவள் தூங்கவில்லை. மகளின் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை எண்ணக் கூடாது. எண்ணாமல் கேட்பது எப்படி என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே அச்சகத்துக்குப் போனாள். இறுதி மெய்ப்பு மேசைமேல் இருந்தது. 33 – 15 – 9 – 4 – 3. அதற்கப்புறம் கோடு. கோட்டுக்கு அப்பால், மெல்லிய சாம்பல் நிறத்தில், இன்னும் மை ஏறாத எழுத்து மாதிரி ஏதோ ஒன்று தாளின் அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. செங்குத்தான ஒரு கோடு. ஒன்று.

அழித்துப் பயனில்லை. எண்களில் பிழை இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: வரிகளில் பிழை இல்லையென்றால், விதியைப் பார்.

அடிக்குறிப்பைப் படித்தாள். ‘ஓர் எண்ணின் காரணிகளில், தன்னைத் தவிர மற்றவற்றைக் கூட்டினால்.’

சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘தன்னைத் தவிர மற்றவற்றை’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்து நீக்கல் குறி போட்டு, ஓரத்தில் ‘எல்லாவற்றையும்’ என்று எழுதினாள். எழுத்து அழகாக வந்தது.

லேஅவுட்காரர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். “அக்கா, இது கணக்கையே மாத்திடுமே. வரிச இறங்காது. ஏறும்.”

“ஏறட்டும்.”

“பேராசிரியர் கேட்டா?”

“எந்தப் பேராசிரியர்?” என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதானே,” என்றார். மாற்றினார்.

அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். திரையில் அந்தச் சாம்பல் கோடு கரைந்தது. அந்த இடத்தில் 4 வந்தது. மூன்றின் காரணிகள் 1, 3. இரண்டையும் கூட்டினால் நான்கு. மூன்றிலிருந்து மறுபடி நான்கு. அவளுக்குக் கண் நிறைந்தது. நாத்தனார் வந்துவிடுவாள். மருந்துக்கடைக்கு வந்த அந்த ஆளின் கதை முடிவைக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் இரண்டிரண்டு படியாக ஏறினாள். வாசலில் செருப்புகள். உள்ளே விளக்கு. மகள் சிரிக்கும் சத்தம், கணவர் என்னவோ சொல்லும் சத்தம், அப்புறம் ஒரு பெண்ணின் குரல். சாவியைப் போடும் முன்பே அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த குரல்தான். எங்கேயோ நன்றாகக் கேட்ட குரல். ஒலிப்பதிவில் கேட்கும்போது இது நம்முடையதா என்று கூச்சப்பட வைக்கும் குரல்.

கதவைத் திறந்தாள்.

கூடத்தில் கணவர். மகள். சமையலறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

அவள் கை தன் கொண்டைக்குப் போனது. பென்சில் இருந்தது.

“வந்துட்டியா,” என்றார் கணவர், தலை நிமிராமல். “நாலு பேரும் வந்தாச்சு. சாப்பிடலாம்.”

மகள் வாசலைப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அம்மா, தண்ணி எடுத்துட்டு வா,” என்றாள். இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

அந்த இன்னொருத்தி கெடுதலாக எதுவும் செய்யவில்லை. அதுதான் கொடுமை. தட்டு வைத்தாள். மகளின் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். இவள் எடுக்கக் கை நீட்டிய அதே நூல். ஒரே ஒரு முறை இவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது பயம். இவள் யார் என்ற பயம்.

நான்கின் காரணிகள் 1, 2, 4. எல்லாவற்றையும் கூட்டினால் ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கண் திறக்கவில்லை. திறக்காமலே கேட்டாள். குளியலறையில் தண்ணீர். சமையலறையில் பாத்திரம். கூடத்தில் தாள் புரளும் சத்தம். பால்கனியில் துணி உதறும் சத்தம். படுக்கையில், தனக்கு மிக அருகில், தன்னுடைய மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் இன்னொரு மூச்சு.

அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அம்மா.”

“என்னம்மா,” என்றாள் அவள். குளியலறையிலிருந்து என்னம்மா. சமையலறையிலிருந்து. பால்கனியிலிருந்து. காதருகிலிருந்து. ஐந்து குரல். ஒரே சமயத்தில்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் மகள். “சும்மா கூப்பிட்டேன்.”

திங்கட்கிழமை எட்டு பேர். செவ்வாய்க்கிழமை பதினைந்து. பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஜன்னல்களில் ஒட்டியிருந்த செய்தித்தாள் கிழிக்கப்பட்டது. புதன்கிழமை இருபத்து நான்கு. படிக்கட்டில் மறுபடி சத்தம் வந்துவிட்டது. ஒரே செருப்புச் சத்தம், ஐந்து மாடிகளிலும்.

மார்ச் 13, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. காவலாளி விசில் ஊதினார். எல்லோரும் கீழே இறங்கி முற்றத்தில் நின்றார்கள். அவள் வரிசையின் ஓரத்தில் நின்று, கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, தலைகளை எண்ணி, பட்டியலின் அடியில் 59 என்று எழுதினாள்.

காவலாளி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பினார்.

“அறுபது மேடம். மறுபடியும் உங்கள விட்டுட்டீங்க.”

அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. முற்றத்தில் ஐம்பத்தெட்டுப் பென்சில்கள் தாளில் இறங்கி, 59-ஐ அடித்து, 60 என்று திருத்தும் சத்தம் கேட்டது. ஒரே கீறல் சத்தம். மகள் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

ஒத்திகை பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. பட்டியலில் அறுபது வரிகள். ஐம்பத்தெட்டில் ஒரே பெயர்.

அறுபதின் காரணிகளை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 168.